தொழிற்களத்தில் மாண்டவர்கள்

2024-ம் வருஷம் மே மாதம் முதல் தேதி, தொழிலாளர் தினமென்று உலகமெங்கும் கொடியேற்றிக் கொண்டாடப்பட்ட அன்று காலையில், நமது மல்லாங்கிணறு அடங்கிய காரியாபட்டித் தாலூகாவில் கீழஉப்பிலிக்குண்டுக் கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. வண்டியிலிருந்து சரக்கை இறக்கிக்கொண்டிருந்த தொழிலாளர் மூவர் உடல் சிதறி மாண்டனர். அதற்கு எட்டாம் நாள், மே 9-ந் தேதி, சிவகாசியை அடுத்த செங்கமலப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்து, எட்டுப் பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். அவர்களில் பெண்கள் பலர். இவ்விரண்டு இடங்களிலும் மாண்டவர்களில் ஒருவருடைய பெயரையேனும் சொல்லுமாறு நமது ஜில்லாவில் பொதுவாழ்வில் ஈடுபட்டிருக்கும் எவரையும் கேட்டுப் பார்க்கலாம். சொல்லக்கூடியவர் மிகச் சிலரே இருப்பர் என்று நாம் அஞ்சுகிறோம். இந்த நிலைமையைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

ஆலை வெடித்தால் அடுத்து நடப்பவை என்ன என்பது நமது ஜில்லாவில் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். தீயணைப்பு வண்டிகள் வரும். கலெக்டர் வருவார். மந்திரிகள் வருவார்கள். தலைவர்கள் அநுதாபச் செய்தி விடுப்பார்கள். இத்தனை லட்சம் நிவாரணம் என்று அறிக்கை வரும். உரிமையாளர் மீதும் போர்மேன் மீதும் போலீஸார் வழக்குப் பதிவு செய்வார்கள். லைசென்ஸ் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படும். மறுநாள் பத்திரிகைகளில் "உராய்வு காரணமாக" விபத்து நேர்ந்தது என்று அச்சாகும். ஒரு வாரம் சென்றால் எல்லாம் ஓய்ந்துவிடும். அடுத்த ஊரில் அடுத்த ஆலை வெடிக்கும்வரை அப்பேச்சு எழாது.

வெடித்த ஊர்களை வரிசையாகச் சொன்னால் நமது ஜில்லாவின் பூகோளப் படமே கண்முன் வரும். 1991-ம் வருஷம் ஜூலை மாதத்தில் மீனம்பட்டி. 2012-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 5-ந் தேதி முதலிப்பட்டி. 2021-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 12-ந் தேதி அச்சங்குளம். 2023-ம் வருஷம் அக்டோபர் மாதம் 17-ந் தேதி ரெங்கபாளையமும் கிச்சநாயக்கன்பட்டியும். 2024-ல் செங்கமலப்பட்டி. 2025-ம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி சின்னக்காமன்பட்டி. இவை பெரிய விபத்துக்கள் மட்டுமே. ஒருவர் இருவராக மாண்ட விபத்துக்களைச் சேர்த்தால் இந்தப் பத்தி போதாது.

மீனம்பட்டியில் மாண்டவர் 39 பேர் என்று சுப்ரீம் கோர்ட்டிலேயே மாநில சர்க்கார் கணக்குச் சொன்னது. முதலிப்பட்டியில் எத்தனை பேர்? 38 என்று ஒரு பத்திரிகை எழுதியது; 40 என்று மற்றொன்று எழுதியது. அச்சங்குளத்தில் முதல் நாள் சொன்ன எண்ணிக்கை, ஆஸ்பத்திரிகளில் தீக்காயத்தோடு கிடந்தவர்கள் ஒவ்வொருவராக இறக்க இறக்க ஏறிக்கொண்டே போயிற்று. பத்திரிகைகளோ முதல் வாரத்தோடு எண்ணுவதை நிறுத்திவிட்டன. மாண்டவர்கள் இன்னின்னார் என்று பொதுஜனங்கள் போய்ப் பார்க்கக்கூடிய பட்டியலை எந்த ஊர்ச் சாவடியிலும், எந்தப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரிலும் நாம் கண்டதில்லை. பெயர் எழுதப்படாத இடத்தில் எண்ணிக்கையும் நிலைக்காது என்பது இதனால் விளங்கும்.

தமிழ் மக்கள் இறந்தோரை இவ்வாறு மறந்துவிடும் இயல்பினரல்லர். ஊர் ஆநிரையைக் காக்கப் போராடி மாண்டவனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் செயலையும் அதில் பொறித்து வணங்கிய குலம் நம்முடையது. அக்கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. தேனி ஜில்லா புலிமான்கோம்பையில் 2006-ம் வருஷம் கிடைத்த நடுகற்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். மாடு பிடிச் சண்டையில் மடிந்த ஒரு வீரனின் பெயரை நாம் இன்றும் படித்தறிய முடிகிறது. ஆனால், நமது கண்ணெதிரே மாண்ட பட்டாசுத் தொழிலாளியின் பெயர் மூன்று வருஷங்கூடத் தங்குவதில்லை. விருதுநகரைத்தான் பாருங்கள். காமராஜர் பிறந்த வீட்டை அந்நகரம் நினைவில்லமாகப் போற்றி வருகிறது. தமிழ்நாட்டுக்குத் தமிழ்நாடு என்று பெயரிடக் கோரி 1956-ம் வருஷம் எழுபது நாட்களுக்கு மேல் உண்ணாவிரதமிருந்து உயிர்நீத்த சங்கரலிங்கனாரின் தியாகத்தை அந்நகரம் மறக்கவில்லை. தியாகம் இன்னதென்று அறியாத ஜில்லா அல்ல இது.

சர்க்காரும் தன் ஊழியர்களைப் பொறுத்தவரை இந்த வழக்கத்தை நன்கு அறிந்தே இருக்கிறது. 1959-ம் வருஷம் லடாக் எல்லையில் மடிந்த போலீஸ்காரர்களை நினைத்து ஆண்டுதோறும் அக்டோபர் 21-ந் தேதி நாடு முழுவதும் போலீஸார் அணிவகுத்து நிற்கிறார்கள். அந்த வருஷத்தில் கடமையில் உயிர்நீத்தவர்களின் பெயர்கள் படிக்கப்படுகின்றன. ஏப்ரல் 14-ந் தேதி தீயணைப்புப் படையினரின் நினைவு நாள். 1944-ம் வருஷம் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிவந்த கப்பல் வெடித்து, தீயணைக்கச் சென்ற 66 வீரர்கள் மாண்டனர். அவர்களுக்கு ஆண்டுதோறும் அஞ்சலி செய்வது முற்றிலும் நியாயமே. ஆனால் அன்று அந்தத் துறைமுகத்தில் மாண்டவர்கள் அவர்கள் மட்டுமா? மூட்டை சுமந்த கூலித் தொழிலாளரும் நகரத்து மக்களும் நூற்றுக்கணக்கில் மாண்டனர். அவர்களுக்கென்று எந்த நாளும் இல்லை. முதலிப்பட்டியில் மாண்டவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கூட அல்லர். புகையைக் கண்டு ஓடிச்சென்று அகப்பட்டவர்களைக் காப்பாற்றப் புகுந்த அக்கம்பக்கத்து ஜனங்கள். சீருடை அணிந்தவன் தீக்குள் புகுந்தால் வீரன், வேட்டி கட்டியவன் புகுந்தால் வேடிக்கை பார்க்கப் போய் மாண்டவன் என்பது எந்த நாட்டு நியாயம்?

பட்டாசுத் தொழிலாளி தேசத்துக்கு என்ன செய்தான், அவனுக்கு ஏன் கல் நட வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு 1923-ம் வருஷத்தை நினைவூட்டுகிறோம். சுவீடன் தேசத்துத் தீப்பெட்டியும் ஜப்பான் தீப்பெட்டியும் நமது கடைகளில் நிறைந்திருந்த காலம் அது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, மழை பொய்த்த இக்கரிசல் பூமியில் அந்தச் சுதேசிக் கைத்தொழிலைத் தொடங்கினார்கள். அதிலிருந்தே பின்னர் பட்டாசும் அச்சுத்தொழிலும் வளர்ந்தன. இந்தியா முழுவதும் தீபாவளியன்று கொளுத்தும் பட்டாசில் மிகப் பெரும் பங்கு இன்றும் இந்த ஜில்லாவிலிருந்தே போகிறது. "குட்டி ஜப்பான்" என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் இப்பெருமையில், மருந்து கலந்த கைக்கும் திரி செருகிய கைக்கும் பங்கில்லையா? தொடங்கியவர்களின் பெயர் சரித்திரத்தில் ஏறியது தகும். அதை உயிர் கொடுத்து நடத்தியவர்களின் பெயரும் ஏற வேண்டும்.

அதே 1923-ம் வருஷம் மே மாதம் முதல் தேதியன்றுதான் சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தினார். அதே வருஷத்தில்தான் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமும் இயற்றப்பட்டது. வேலையில் மாண்டவனுடைய குடும்பத்துக்கு முதலாளி பணம் கொடுப்பது தருமமன்று, கடன் என்று இந்நாட்டில் முதன்முதலாக ஒப்புக்கொண்ட சட்டம் அது. தொழிலும் தொழிலாளர் இயக்கமும் சட்டமும் ஏறக்குறைய ஒரே வயதின. நூறு வருஷம் சேர்ந்து வளர்ந்தும், சட்டம் ஆலையின் உள்ளறை வரை போய்ச் சேரவில்லை.

அச்சட்டத்தின் கணக்கு எளியது. இறந்தவரின் மாதக் கூலியில் பாதியை எடுத்து, அவர் வயதுக்கு உரிய எண்ணால் பெருக்க வேண்டும். மாதம் பதினாயிரம் ரூபாய் சம்பாதித்த நாற்பது வயதுத் தொழிலாளி மாண்டால், பாதியாகிய 5,000-ஐ 184.17-ஆல் பெருக்க, 9,20,850 ரூபாய் வருகிறது. இது குடும்பத்தின் உரிமை. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்தவரானால் வாரிசுகளுக்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. 1923-ம் வருஷத்துச் சட்டம் இப்பொழுது தனியே இல்லை. 2025-ம் வருஷம் நவம்பர் மாதம் 21-ந் தேதி அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அது அடங்கிவிட்டது. எனினும் உரிமை மாறவில்லை. அச்சங்குளத்தில் மாண்டவர் குடும்பங்களுக்கு மாநில சர்க்கார் 3 லட்சமும், பிரதம மந்திரியின் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சமும் அறிவிக்கப்பட்டன. பிறகு, குடும்பம் ஒன்றுக்கு 20 லட்சம் நஷ்டஈடு என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஓர் உயிருக்கு அறிவித்த நிவாரணத்துக்கும் தீர்ப்பாயம் கண்ட நஷ்டத்துக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது. நிவாரணம் பெறும் குடும்பம் அதற்கு மேல் தனக்கு உரிமை உண்டென்பதை அறியாமலே போவதுண்டு என்பதைச் சட்டம் பயின்ற எவரும் அறிவர்.

ஆனால் இந்த உரிமையைப் பெற முதலில் ஒன்று வேண்டும். ஆலையின் பதிவேட்டில் தொழிலாளியின் பெயர் இருக்க வேண்டும். பெயரை எழுதிவைப்பது வெறும் உணர்ச்சிக்காக என்று நினைப்பவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டுகிறோம். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளோ கூறுகூறாகப் பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். அச்சங்குளத்திலும் அவ்வாறே நடந்ததாகச் செய்திகள் கூறின. உள்குத்தகைக்காரனிடம் வேலை செய்யும் பெண்ணின் பெயர் எந்த ஏட்டில் இருக்கும்? விடியற்காலையில் ஆலை வண்டியில் ஏறிப்போன அவள், மாலையில் திரும்பாவிட்டால், அவள் அங்கே வேலை செய்தாள் என்பதையே அவள் புருஷனும் பிள்ளைகளும் நிரூபிக்க வேண்டியதாகிறது. உயிரோடிருக்கையில் எழுதப்படாத பெயர், மாண்டபின் நினைக்கப்படாமற் போவதில் வியப்பென்ன?

இனி "உராய்வு" என்ற சொல்லைப் பார்ப்போம். ரசாயனப் பொருள் உராய்ந்தால் தீப்பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அது வெடித்த விதத்தைச் சொல்லுமேயன்றி மனிதர் மாண்ட காரணத்தைச் சொல்லாது. ஓர் அறையில் நால்வருக்கு மேல் வேலை செய்யலாகாது என்பது விதி. அன்றைய வேலைக்கு வேண்டிய அளவுக்கு மேல் மருந்து வைக்கலாகாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். லைசென்ஸ் பெற்றவரே ஆலையை நடத்த வேண்டும் என்பவையும் விதிகளே. இவற்றின்படி நடந்தால் ஓர் அறை தீப்பிடித்தாலும் அடுத்த அறையிலிருப்பவர்கள் பிழைத்து வெளியே ஓடலாம். ஒரே நேரத்தில் பத்தும் இருபதும் முப்பதுமாக மாள்வது, உராய்வினால் அன்று. நெரிசலினாலும் மிகுதியான சரக்கினாலும். தீபாவளி நெருங்குகையில் வேலையை முடுக்கிவிடும் அவசரமும், எத்தனை செய்தாயோ அத்தனைக்கே கூலி என்ற முறையும் அதற்குத் துணையாகின்றன. தொழிலாளியும் அஜாக்கிரதையாக இருப்பதுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கை வேகத்துக்குக் கூலி நிர்ணயித்துவிட்டு, வேகமாக வேலை செய்தான் என்று இறந்தவன் மீதே குற்றம் சுமத்துவது முறையன்று.

மாண்டவர்களை நினைப்பதால் இருப்பவர்களுக்கு என்ன பயன் என்பதை வெளிநாடுகளிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம். 1911-ம் வருஷம் மார்ச் மாதம் 25-ந் தேதி நியூயார்க் நகரில் ஒரு தையல் தொழிற்சாலை தீப்பற்றியது. பூட்டிய கதவுக்குப் பின்னே சிக்கியும் மாடியிலிருந்து குதித்தும் 146 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். அந்நகரத்தார் ஓய்ந்துவிடவில்லை. விசாரணைக் கமிஷன் அமைந்தது. தொழிற்சாலைச் சட்டங்கள் பல திருத்தப்பட்டன. இன்றும் அந்தத் தேதியில், மாண்டவர்கள் ஒவ்வொருவரும் குடியிருந்த வீட்டு வாசலில் அவரவர் பெயரையும் வயதையும் சாக்குக்கட்டியால் எழுதிவைக்கிறார்கள். 2023-ம் வருஷம் அவர்களுடைய பெயர்கள் பொறித்த நிரந்தர நினைவுச் சின்னமும் அங்கே எழுப்பப்பட்டது. கனடாவில் தொழிற்சங்கத்தார் 1984-ம் வருஷம் தொடங்கிய ஏப்ரல் 28-ந் தேதித் துக்க நாளை 1991-ல் அந்நாட்டுப் பார்லிமெண்டே சட்டமாக்கியது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2003-ம் வருஷம் முதல் அதே தேதியை வேலையிடப் பாதுகாப்பு நாளாக அநுஷ்டிக்கிறது. நமது நாட்டிலும், 1975-ம் வருஷம் டிசம்பர் 27-ந் தேதி தன்பாத்துக்கு அருகில் சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 375 பேர் மாண்ட இடத்தில் ஆண்டுதோறும் அஞ்சலி செய்கிறார்கள். சுரங்கத் தொழிலாளிக்குச் செய்யக்கூடியது பட்டாசுத் தொழிலாளிக்கு ஏன் ஆகாது?

இதற்கு ஆட்சேபங்கள் எழும் என்பதை அறிவோம். நினைவுக்கல் நட்டால் தொழிலுக்குக் கெட்ட பெயர் வரும், பட்டாசையே தடுக்க விரும்புவோருக்கு அது ஆயுதமாகும் என்று ஆலை முதலாளிகள் சிலர் கூறலாம். 2018-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு பேரியம் உப்புக்களுக்குத் தடை விதித்தது முதல் இத்தொழில் படும் துன்பம் நமக்குத் தெரியாததன்று. இத்தொழில் அழிய வேண்டுமென்று நாம் எண்ணவுமில்லை. லட்சக்கணக்கான ஜனங்களின் அடுப்பு இதனால் எரிகிறது. ஆனால் தொழிலின் பெயரைக் கெடுப்பது கல்லா, வெடிப்பா? விதிப்படி நடக்கும் ஆலை முதலாளிகள் பலர் இருக்கிறார்கள். விதியை மீறி மலிவாகச் செய்பவனோடு போட்டியிட்டு நஷ்டப்படுகிறவர்களும் அவர்களே. மாண்டவர் பட்டியலோடு மாண்ட காரணமும் வெளியாகுமானால், நல்ல ஆலைக்கும் கெட்ட ஆலைக்கும் உள்ள வேற்றுமை ஊருக்குத் தெரியும். இதை முதலில் வரவேற்க வேண்டியவர்கள் அவர்களே.

குடும்பத்துக்கு வேண்டியது பணம், கல் அன்று என்று வேறு சிலர் கூறுவர். பணம் வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. பட்டாசு விபத்தில் மாண்டவர்களுடைய குழந்தைகளின் படிப்புச் செலவைச் சர்க்கார் ஏற்குமென்று 2024-ம் வருஷம் நவம்பரில் முதல் மந்திரி விருதுநகரில் அறிவித்ததை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அந்தக் குழந்தை படித்து வளர்ந்து, தன் தாய் எதனால் மாண்டாள் என்று கேட்குமல்லவா? "உராய்வு" என்று விடை சொல்லி அனுப்பப் போகிறோமா?

ஆகவே சர்க்காரும் ஜில்லா அதிகாரிகளும் செய்ய வேண்டியவை என்று சிலவற்றைத் தெளிவாகக் கூறுகிறோம். முதலாவது, 1985-ம் வருஷம் இந்த ஜில்லா அமைந்தது முதல் பட்டாசு, தீப்பெட்டி, கல்குவாரித் தொழில்களில் மாண்ட ஒவ்வொருவரின் பெயர், வயது, ஊர், செய்த வேலை, மாண்ட தேதி, மாண்ட காரணம் ஆகியவற்றைக் கொண்ட பட்டியலைக் கலெக்டர் வெளியிட வேண்டும். ஆஸ்பத்திரியில் பின்னர் இறந்தவர்களையும், காப்பாற்றச் சென்று மாண்டவர்களையும் அதில் விடாமல் சேர்க்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு விபத்தின் விசாரணை அறிக்கையும் ஆறு மாதத்துக்குள் தமிழில் அச்சாகி, மாண்டவர் குடும்பத்தின் கையில் சேர வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு ஆலையிலும் அன்றன்று உள்ளே போனவர்களின் பெயர்ப் பதிவேடு ஒன்று ஆலைக்கு வெளியே, தீ எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். அப்பதிவேடு இல்லாத ஆலைக்கு லைசென்ஸ் புதுப்பிக்கப்படலாகாது. நான்காவது, ஆண்டுதோறும் ஏப்ரல் 28-ந் தேதி ஜில்லா முழுவதும் ஒரு மணி நேரம் ஆலைகள் நின்று பெயர்கள் படிக்கப்பட வேண்டும். அதே மேடையில், அந்த வருஷம் எத்தனை ஆலைகளைப் பரிசோதித்தோம், எத்தனையில் குற்றம் கண்டோம், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று அதிகாரிகள் பொதுஜனங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

நினைவுக்கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அதைச் சிவகாசியில் ஒரு பெரிய மண்டபமாகக் கட்டுவதைவிட, மாண்டவர் பிறந்து வாழ்ந்த ஊரிலேயே, பஞ்சாயத்து ஆபீஸ் வாசலிலோ பள்ளிக்கூடத்து முகப்பிலோ, எளிய கருங்கல்லாக நடுவதே சிறப்பு. ஆலை மூடிப்போகலாம், கை மாறலாம், பெயரும் மாறலாம். ஊர் மாறாது. அந்த ஊரிலிருந்து மறுநாள் காலையில் ஆலை வண்டி ஏறும் பெண்ணும், அவளை வேலைக்கு வைத்திருப்பவரும், பரிசோதிக்க வரும் இன்ஸ்பெக்டரும் அந்தக் கல்லைக் கடந்தே போக வேண்டும்.

சர்க்கார் செய்யும்வரை காத்திருக்க வேண்டுமென்பதில்லை. அரசியல் கட்சிகளிலும் தொழிற்சங்கங்களிலும் உழைக்கும் நமது இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம். கொடி கட்டுவதிலும் ஊர்வலம் நடத்துவதிலும் நீங்கள் காட்டும் உற்சாகத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும். ஊருக்கு இருவராக ஒரு நோட்டுப் புஸ்தகத்துடன் புறப்பட்டு, வீடு வீடாகச் சென்று, மாண்டவர் பெயரையும் மாண்ட விதத்தையும் அவர்கள் குடும்பத்தார் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். வரவேண்டிய நஷ்டஈடு வந்ததா என்றும் கேளுங்கள். வரவில்லையெனில் மனு எழுதிக் கொடுங்கள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைத் தாலூகாக்களில் இவ்வேலை பெரிதாயிருக்கும். காரியாபட்டித் தாலூகாவில் சிறியதே. எனவே இங்கேயே தொடங்கலாம். மே மாதம் முதல் தேதியன்று கல்குவாரியில் மாண்ட மூவரின் பெயர்கள் அந்த நோட்டுப் புஸ்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். வரும் ஏப்ரல் 28-ந் தேதி மாலை மல்லாங்கிணற்றில் ஜனங்கள் கூடி அவற்றை உரக்கப் படிக்கட்டும்.